அக்கரைப் பிடில்

பாகு தீய்கிற வாடை வந்ததும் வெர்டி மடியிலிருந்த பீன்ஸையெல்லாம் கீழே கொட்டிவிட்டு ஓடினாள். அவள் வாழ்க்கைப்பட்டு இந்த மலைச்சரிவுக்கு வந்ததிலிருந்து லான்ஸோ காய்ச்சிய பாகு தீய்ந்தது என்ற பேச்சே கிடையாது. பாப்லர் ஓடை நெடுகிலும் யார் வீட்டில் சோளக்கரும்பு வெட்டினாலும் கடைசிப் பதம் பார்க்க அவனுக்குத்தான் ஆள் வரும். கொப்புளம் வெடிக்கிற சத்தத்தை வைத்தே இறக்கு என்பான். அப்பேர்ப்பட்டவன் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, நுரை எடுக்கும் சுரைக்குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, ஆவி முகத்தில் படப்படக் கண்ணை மூடியிருந்தான். சாறு பிழியும் ஆலையைச் சுற்றிக்கொண்டிருந்த கோவேறு கழுதை, கேட்பாரில்லை என்று தெரிந்து எப்போதோ நின்றுவிட்டது.

"யோவ்! பட்டப்பகல்ல என்னய்யா தூக்கம்? வருஷம் பூரா திங்கிற பாகு கரியாப் போகுது பாரு!"

அவள் விறகை வெளியே இழுத்தாள். லான்ஸோ கண்ணைத் திறந்தான். சட்டியைப் பார்க்கவில்லை. ஓடைப் பக்கம் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்ற இடத்தில், புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து கிடந்ததையே பார்த்தான்.

"ரூஃபஸைப் பாத்தேன் வெர்டி."

"எந்த ரூஃபஸ்?"

"எனக்கு எத்தனை ரூஃபஸ் இருக்கான்? எங்கண்ணன்தான்."

ரூஃபஸ் செத்துப் பல வருஷமாயிற்று. புதைத்த மேட்டில் தானாக முளைத்த செடார் மரம் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. வெர்டி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் குந்தினாள். திட்டுவதற்கு வாயில் நிறைய இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கோ போய்விட்டது.

"பெரிய ஆறு," என்றான் லான்ஸோ. "நம்ம ஓடை இல்ல. இக்கரையில நான் நிக்கிறேன். ஒரே பனி. அக்கரையில மட்டும் வெயிலு, புல்லெல்லாம் பளபளன்னு. அங்க ஒரு மரத்தடியில இவன் உக்காந்து பிடில் வாசிக்கிறான். நான் கேட்டே இராத பாட்டு. என்னைப் பாத்துத் தலைய ஆட்டினான். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சுல இருந்த கல்லு எறங்கின மாதிரி ஆயிருச்சு. மூச்சு தாராளமா வந்துச்சு வெர்டி. ரொம்ப நாளைக்கப்புறம் முழு மூச்சு."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுரங்கத்தில் அவன் வாங்கி வந்தது அது ஒன்றுதான். கரித்தூசி நெஞ்சில் இறுகிப்போயிருந்தது. கம்பெனி டாக்டர் போன மாதம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த வருஷம் பனி சீக்கிரமே விழும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இருமல் அடங்கியதும் லான்ஸோ நிதானமாகச் சொன்னான்: "இதுதான் எனக்கு வந்த அழைப்புன்னு நெனைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை நான் சபையில எந்திரிச்சு நிக்கப்போறேன்."

அவனுக்காக வெர்டி முழங்கால் தேய ஜெபம் பண்ணினவள். இளவயதிலேயே ஓடையில் முங்கி ஞான முழுக்குப் பெற்றுச் சபையில் சேர்ந்துவிட்டாள். அவன் சேரவில்லை. கூட்டத்துக்கு வருவான், கடைசிப் பெஞ்சில் உட்கார்வான், பாட்டைக் கேட்பான், போய்விடுவான். செத்த பிறகு தான் ஒரு கரையிலும் இவன் ஒரு கரையிலுமாகப் போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு. ரொட்டி சுடும்போதும் மாடு கறக்கும்போதும் அந்தப் பயம் கூடவே இருக்கும். டாக்டர் பனியைப் பற்றிப் பேசிய நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவே இல்லை.

அடுப்புப் பக்கத்திலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தீய்ந்த பாகைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கவலைப்படவில்லை.

கவலை மறுநாள் வந்தது. கறுத்துப்போன பாகை ஜாடிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேக்குக்காவது ஆகும் என்று வெர்டிக்கு ஒரு கணக்கு. ஊற்றிக்கொண்டே கனவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவள், சட்டென்று கையை நிறுத்தினாள்.

அந்தச் சபையில் சேருகிறவன், தனக்கு அழைப்பு வந்த விதத்தை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சிலருக்கு அது ஏர் ஓட்டும்போது வந்திருக்கும், சிலருக்குச் சுரங்கத்து இருட்டில். முக்கால்வாசிப் பேருக்குக் கனவில்தான். கேட்டுவிட்டுச் சபையார் சம்மதம் சொல்வார்கள். ஒரே ஒருவர் எழுந்து மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். கண்டதில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால், அப்புறம் ஓடையில் முங்குவது வெறும் குளியல்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே சபைக்குப் பிடில் என்றால் சாத்தானின் பெட்டி. கல்யாணத்துக்குப் பிடில் வேண்டும், பாகு காய்ச்சும் கூட்டத்துக்கு வேண்டும், காயவைக்கப் பீன்ஸ் கோக்கிற ராத்திரிக்கு வேண்டும், செத்த பிறகு போகிற இடத்துக்கு மட்டும் ஆகாது. இன்றைக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்களில் பாதிப்பேர் ரூஃபஸின் பிடிலுக்குத் தரை அதிர ஆடினவர்கள்தான். முழுக்குக்குப் பிறகு அது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

"லான்ஸோ, அந்தப் பிடில விட்டுரு."

"விடத்தானே போறேன். முழுக்கு வாங்கிட்டு அதைத் தொட முடியுமா?"

"அதச் சொல்லல. கனவுல இருக்கிற பிடில. அக்கரையில பாட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லு, போதும். பாட்டுதானே அதுவும்?"

லான்ஸோ ஜாடி வாயைத் துணியால் துடைத்தான். "ரூஃபஸு?"

"அவரையும் விட்டுரு."

"அப்ப என்ன மிச்சம் இருக்கு? ஆறும் புல்லும்தான். அதுக்கு நம்ம மாடு எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லிடுமே."

"விளையாடாதேய்யா! உங்கண்ணன் எப்படிச் செத்தாருன்னு ஊருக்கே தெரியும். ஆட்டத்துக்குப் போய் வாசிச்சிட்டு, குடிச்சிட்டு, பனியில விழுந்து வெறைச்சுக் கெடந்தாரு. சபையில சேராத மனுஷன். அடக்கத்துக்கு வந்த பிரசங்கியாரே அவரு எங்க போனாருன்னு சொல்ல முடியாம மழையப் பத்தியும் வெள்ளாமையப் பத்தியும் பேசிட்டுப் போனாரு. அவரு மோட்சத்துல உக்காந்து பிடில் வாசிக்கிறாருன்னு நீ போய்ச் சொன்னா, முன் பெஞ்சுல உக்காந்திருக்கிற ஐசம் டீக்கன் சும்மா விடுவாரா? ஒருத்தர் எந்திரிச்சாப் போச்சு. அடுத்த கூட்டம் ஒரு மாசம் கழிச்சு. உனக்கு..."

அவள் நிறுத்திக்கொண்டாள். லான்ஸோ அவளை நிமிர்ந்து பார்த்தான். இந்தச் சின்ன முகத்தில் எவ்வளவு நாளாக இந்தப் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் கண்டான்போலும்.

"சரி," என்றான். "உனக்காக விட்டுர்றேன்."

சுவரில் பிடில் தொங்கியது. அது ரூஃபஸினுடையது. அண்ணன் இருந்தவரை லான்ஸோ வில்லைத் தொட்டதில்லை. அவன் வேலை துடைப்பக் குச்சிகள் இரண்டை எடுத்துக்கொண்டு, அண்ணன் வாசிக்க வாசிக்க, வில்லுக்கும் விரல்களுக்கும் நடுவில் தந்திமேல் தட்டுவது. ஒரே பிடிலில் இரண்டு பேர். தூரத்திலிருந்து கேட்பவர்களுக்குப் பத்துப்பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும், கால் நிற்காது. அண்ணன் போன பிறகு ஆர்மின்டா அண்ணி அந்தப் பிடிலை மாவுச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இவனிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து இவன் வாசிக்கிறான். குச்சி தட்டத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை வரைக்கும் லான்ஸோ பிடில் பக்கமே போகவில்லை. சாயங்காலமானால் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வெர்டி சபையார் வீட்டு வழக்கப்படி அவன் வாசிக்கும்போதெல்லாம் சமையல் அறையில் இருந்துகொள்பவள்தான். ஆனால் அவள் கை அந்தப் பாட்டுக்குத்தான் மாவு பிசையும். இப்போது ரொட்டி ஏனோ தட்டையாகவே வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, இதில் என்ன குறை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் ஓடையிலிருந்து எழுந்த பனி, சபை வீட்டின் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. உள்ளே கணப்பு எரிந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். தலைமைப் பிரசங்கியார் ஹைரம் ஒரு வரியைச் சொல்ல, சபை அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் பாடியது. வாத்தியம் ஏதுமில்லை. ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கி, கடைசியில் எப்படியோ ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். வெர்டியின் பக்கத்தில் ஆர்மின்டா உட்கார்ந்திருந்தாள். ரூஃபஸ் போன பிறகு முழுக்குப் பெற்றவள். ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை, ஒரு கூட்டத்திலும் சிரித்ததில்லை.

பாட்டு முடிந்து லான்ஸோ எழுந்து நின்றான். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னான். ஆறு, பனி, அக்கரையில் வெயில், புல், நெஞ்சிலிருந்து இறங்கிய கல்.

"அக்கரையில பாட்டுச் சத்தம் கேட்டுச்சு," என்று முடித்தான். "அது என்னக் கூப்பிட்டுச்சு."

சொன்ன வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் பாகடுப்புப் பக்கத்தில் அவன் சொன்னபோது இருந்த குரல் இது இல்லை என்று வெர்டிக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஐசம் டீக்கனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்கள் எழுந்து லான்ஸோவைக் கட்டிக்கொள்ள வரிசையாக வந்தார்கள். யாரோ மறுபடியும் பாட்டைத் தொடங்கினார்கள்.

"இந்தச் சகோதரனச் சேத்துக்க யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்று ஹைரம் கேட்டார். கேட்கவேண்டிய முறைக்குக் கேட்டார்.

அப்போது ஆர்மின்டா வெர்டியின் கையைப் பிடித்து, காதோடு சொன்னாள்: "நீ குடுத்துவெச்சவடி. உன் ஆளு வந்து சேந்துட்டான். எங்காளுதான் எங்க குளுருல கெடக்குறாரோ."

பொறாமையில் சொல்லவில்லை அவள். மனதாரச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் வெர்டியைச் சுட்டது. கனவிலிருந்து தான் வெட்டிப் போட்ட துண்டு யாருக்கு வந்த சேதி என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு லான்ஸோ ஓடையில் முங்குவான், அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும். ஆனால் பொய்யோடு முங்கினால் அது வெறும் குளியல். அதைவிட, இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் சாகிற வரைக்கும் இப்படியே குளிரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

வெர்டி எழுந்தாள்.

"எனக்கு மறுப்பு இருக்கு."

பாட்டு அறுந்தது. தன் புருஷனுக்குத் தானே மறுப்பு சொல்லும் பெண்ணைப் பாப்லர் ஓடை அதுவரை பார்த்ததில்லை.

"அவரு முழுசாச் சொல்லல. நான்தான் சொல்ல வேண்டாம்னேன். தப்பு என் பேர்ல. அக்கரையில கேட்டது பிடிலு. வாசிச்சது ரூஃபஸ் மாமா."

சபையில் கசமுசவென்று பேச்சு எழுந்தது. ஐசம் டீக்கன் எழுந்தேவிட்டார். "பிடிலா? மோட்சத்துலயா? வேதத்துல சுரமண்டலம் இருக்கு, எக்காளம் இருக்கு. பிடில் எங்கய்யா இருக்கு?"

"நீ அதுக்கு ஆடினது இருக்கே ஐசம்," என்றது பின்னாலிருந்து ஒரு கிழக்குரல். "என் கல்யாணத்துல என் கால மிதிச்சது நீதானே."

சிரிப்பு வந்தது. ஆர்மின்டா மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நடுவில் நடந்து போய் லான்ஸோவின் முன்னால் நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"பிடில எப்படிப் பிடிச்சிருந்தாரு?"

"நெஞ்சுல சாய்ச்சு. எப்பவும்போல."

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

அவள் வாய் கோணியது.

"குளுருச்சா அவருக்கு?"

"சட்டைக் கைய முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாரு அண்ணி," என்றான் லான்ஸோ. "அங்க நல்ல வெயிலு."

ஆர்மின்டா சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஐசம் டீக்கன் உட்கார்ந்துவிட்டார்.

ஹைரம் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அக்கரையில யாரு இருக்கான்னு ஓட்டுப் போட இந்தச் சபைக்கு அதிகாரம் இல்ல. இக்கரையில யாரைச் சேத்துக்கிறதுங்கறதுதான் நம்ம வேலை. இப்ப முழுசாக் கேட்டாச்சு. சகோதரி வெர்டி, இன்னும் மறுப்பு இருக்கா?"

"இல்ல."

"வேற யாருக்காவது?"

யாருக்கும் இல்லை. நாளைக் காலை முழுக்கு என்று முடிவாயிற்று. கை கொடுக்க மறுபடியும் வரிசை நின்றது. ஆர்மின்டா நகராமல் அங்கேயே நின்றாள்.

"அந்தப் பாட்டு, லான்ஸோ. அது எப்படி இருந்துச்சு? கொஞ்சம் மொனகிக் காட்டேன்."

லான்ஸோ மூச்சை இழுத்துத் தொடங்கினான். மூன்றாவது சுரம் வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றான். அப்போதும் அதே கதைதான்.

"எனக்கு மூச்சு பத்தாது அண்ணி. விரலுக்குத்தான் தெரியும். வில்ல எடுத்தா வரும்."

வில்லை எப்படி எடுப்பான்? சபை சேர்த்துக்கொண்ட நிமிஷத்திலிருந்தே பிடிலைத் தொடக்கூடாது, விடிந்தால் முழுக்கு. ஆர்மின்டா தலையை ஆட்டினாள். "பரவால்லப்பா. இதுவே பெரிசு எனக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

அவள் வந்து உட்காருவதற்குள் வெர்டி மறுபடியும் எழுந்து நின்றாள். ஹைரம் பெருமூச்சு விட்டார்.

"இப்ப என்ன சகோதரி?"

"அவரச் சேத்துக்கிட்டதையும் முழுக்கையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெக்கணும்."

"அடுத்த மாசம் ஓடை உறைஞ்சுபோகும்மா."

"உடைச்சுக்கிட்டு முங்கட்டும். அதுவரைக்கும் அவரு சபையாள் இல்ல. அதுவரைக்கும் அவரு பிடிலத் தொட்டாக் கேக்க யாருக்கும் உரிமை இல்ல."

ஹைரம் குரலைத் தாழ்த்தினார். "அவன் நெஞ்சு இருக்கிற நெலமை தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும்," என்றாள் வெர்டி. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு உடம்பில் இருந்த பலமெல்லாம் வேண்டியிருந்தது.

முழுக்கு அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போயிற்று. கூட்டம் முடிந்ததும் ஆர்மின்டா முன்னாலேயே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுப்பை மூட்டி, பீன்ஸை ஏற்றி, இவர்களுக்கு ரொட்டி சுட வேண்டும் என்றாள். லான்ஸோவும் வெர்டியும் வீட்டுக்குப் போய்ப் பிடிலை மாவுச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடை வழியாக அவள் வீட்டுக்கு நடந்தார்கள். மத்தியானம் ஆகியும் பனி விலகவில்லை. மஞ்சள் இலைகள் சத்தமில்லாமல் தண்ணீரில் விழுந்து போய்க்கொண்டிருந்தன. மரப்பாலத்தின் முன்னால் லான்ஸோ மூச்சு வாங்க நின்றான்.

"அங்க போய் நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டான். "நான் வாசிக்கும்போது அண்ணி வீட்டுச் சமையக்கட்டுல போய் உக்காந்துக்குவியா?"

"உம் பக்கத்துலதான் உக்காரப்போறேன். சபை கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அடுத்த மாசத்துக்குள்ள நான் போயிட்டா என்ன பண்ணுவ வெர்டி? முழுக்கு வாங்காமயே?"

பனியில் அக்கரை தெரியவில்லை. வெர்டி அவன் தோளிலிருந்து சாக்கை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தாள்.

"போனா உங்கண்ணன் பக்கத்துல போய் உக்காந்து வாசிச்சிட்டே இரு," என்றாள். "நிறுத்தாத. சத்தம் எங்க இருந்து வருதோ, நான் அங்க வந்து சேந்துக்கிறேன்."